பிரேக் டிரம்மில் தீ

நாற்பத்தொன்பது டாலர்.
மின்கட்டண உறையின் முதுகில் கூட்டிப் பார்த்தேன்.
அதில் தண்டவாளத் துண்டுக்கே பதினெட்டு.
இருபத்திரண்டு கிலோ,
கிறிஸ்டியன்சென் பழைய இரும்புக் கடையில்
ரசீது கேட்டு வாங்கினேன்,
ரயில்காரர்கள் வந்தால் காட்டுவதற்கு.
யாரும் வரவில்லை.
மூஸ் ஜாவுக்கு மேற்கே எங்கள் ஊரில்
ரயிலே நிற்பதில்லை.

பிரேக் டிரம் இனாம்.
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் பின்சக்கரத்தில்
ஒன்பது குளிர்காலம் சுற்றியது.
பணிமனையில் டுவெயின் அதைக் காலால் தள்ளி
"விரிசல் விட்டுவிட்டது, லொரீன். பூச்செடி வை" என்றான்.
நான் கரி வைத்தேன்.

காற்றுக்கு ஹேர் டிரையர்.
தேவாலயச் சந்தையில் மூன்று டாலர்.
குழாயைக் குட்டையாகப் போட்டுவிட்டேன்.
பத்தே நிமிடம். மூக்கு இளகி
காய்ச்சல்காரன் நாக்குபோல் தொங்கிற்று.
இன்னொன்று, இன்னொரு மூன்று.
இம்முறை நடுவில் இரண்டு முழக் குழாய்.
வீட்டில் ஒன்று கிடந்தது, துத்தநாகம் பூசி, பளபளவென்று.
"அந்தப் பளபளப்பு புகையானால்
ராத்திரியெல்லாம் நடுங்குவாய்"
என்று டுவெயின் கறுப்புக் குழாய் வெட்டித் தந்தான்.

சுத்தியல் இரண்டு டாலர்.
கோடை முடிந்து பாதி விலைக்கு வந்த கரி
இரண்டு மூட்டை ஒன்பது.
குறடு வாங்கவில்லை:
கம்பி நீளமாக இருந்தால் கம்பியே கைப்பிடி.
கண்ணாடி மட்டும் கடையில் புதிதாக, பதினான்கு.
மற்ற எல்லாவற்றிலும் கஞ்சம் பிடித்தவள்
கண்ணில் பிடிக்கவில்லை.
இருப்பது இரண்டு, அதிலும் ஒன்று மங்கல்.

நவம்பர் மாலை ஐந்தரை.
கடைசிப் பையனை இறக்கிவிட்டு
கொட்டகையில் விளக்கைப் போடாமல் நின்றேன்.
வெளிச்சத்தில் இரும்பு பொய் சொல்லும்.
இருட்டில்தான்,
முதலில் ஒன்றுமில்லை,
பிறகு ஈரல் நிறம்,
பிறகு பழுத்தது.
பழுத்ததும் பறித்துவிட வேண்டும், தெரியும்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
பார்த்துக்கொண்டே நின்றேன்.
வெளுத்தது. மத்தாப்பாய்ச் சீறியது.
ஒரு சாண் கம்பி கரிக்குள் உதிர்ந்து போயிற்று.
இரும்பும் எரியும் என்பது
ஐம்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த கம்பியைச் சரியான நேரத்தில் எடுத்தேன்.
அடித்தேன்.
கம்பி கேட்டதோ இல்லையோ
தெரு முழுக்கக் கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத்து ஓடெத்
குளியல் அங்கியும் ரப்பர் பூட்ஸுமாகப் பனியில் வந்தாள்.
முதியோர் இல்லத்தில் இரவு நர்ஸ்.
"கோவில் மணியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாயா?"
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அதற்கு அவள் காத்திருக்கவில்லை.
தண்டவாளத்தின் இடுப்பில் உள்ளங்கையை அழுத்தி
"இப்போது அடி" என்றாள்.

டக்.

அவ்வளவுதான்.
கதவை விரலால் தட்டுகிற சத்தம்.
இருவரும் குனிந்து அந்த இரும்பைப் பார்த்தோம்.

வண்டியிலிருந்த இழுவைச் சங்கிலியைக் கொண்டுவந்து
அவள் கை இருந்த இடத்தில் சுற்றினேன்.
அவள் தூங்கப் போனாள்.
போகும்போது பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள்,
திட்டா வேறு ஏதாவதா,
எனக்கு அந்த மொழி வராது.

மூன்றாம் வாரம் கொக்கி என்று ஒன்று வந்தது.
முறுக்கு ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு.
கூராக வேண்டிய நுனி
வாத்து மூக்காய்ச் சப்பையாக இருந்தது.
சுவரில் அறைந்து பேருந்துச் சாவியை மாட்டினேன்.
நின்றது.
திரும்பி நடந்தேன், விழுந்தது.

கழற்றி, டுவெயினின் இடுக்கியில் பிடித்து
மறுபடி கரியில் வைத்திருக்கிறேன்.
நுனி கொஞ்சம் மேலே வளைய வேண்டும்,
மூன்று அடி போதும்.
வெளியே சைபருக்குக் கீழே இருபத்தாறு.
உலைக்கும் தண்டவாளத்துக்கும் இரண்டு எட்டு,
அதற்குள் பாதி நிறம் போய்விடுகிறது.

தண்டவாளத்தை ஒரு எட்டு பக்கத்தில் நகர்த்தினேன்.
உறையில் எழுத ஒன்றுமில்லை.